ஒரு நோயும் அதன் பெயரும்

ஈரல் வருத்தம் என்று சொன்னதும் எங்கள் பக்கத்தில் பலருக்கு முதலில் வரும் கேள்வி, "ஆள் குடிக்கிறவரோ?" என்பதுதான். நோயாளி ஆண் என்றால் அந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்டுவிடுவார்கள். நோயாளி முஸ்லிம் பெண் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பார்கள். என் சாச்சிக்கு நடந்தது அதுதான். அவருடைய நோயைப் பற்றியும், அதற்கு இந்தச் சில ஆண்டுகளில் வந்திருக்கும் மருந்துகளைப் பற்றியும் நான் தெரிந்துகொண்டதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. எந்த மருந்து யாருக்கு என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. நோயைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுவது நம் எல்லோருடைய வேலை என்று நினைக்கிறேன்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் வளர்ந்தார், அங்கேயே தையல் படித்தார், அங்கேயே மணம் முடித்தார். யுத்தம் முடிந்தபின் வாப்பா நெல்லியடியில் சிறிய புடவைக் கடை ஒன்றைத் திறந்தபோது, சாச்சியும் பிள்ளைகளோடு எங்களுடன் வந்துவிட்டார். சாச்சா கட்டாரில் வேலை செய்கிறார். எங்கள் ஒழுங்கையில் முஸ்லிம் குடும்பம் நாங்கள் மட்டும்தான். ஆனாலும் சாச்சியின் தையல் மெஷினுக்கு ஓய்வு கிடைத்ததில்லை. கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று அயலில் எந்த நாள் வந்தாலும் சட்டை தைக்க அவரிடம்தான் வருவார்கள்.

2022 ஆம் ஆண்டு அந்த மெஷினின் சத்தம் குறையத் தொடங்கியது. மத்தியானத்துக்கு முன்பே சாச்சி களைத்துப் படுத்துவிடுவார். நித்திரை கொண்டு எழும்பினாலும் அந்தக் களைப்புப் போகாது. பிறகு கடி வந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் அதிகம். பகலில் பொறுத்துக்கொள்வார், இரவில் முடியாது. தோலில் தடிப்போ சிவப்போ எதுவும் இல்லை. இறாலை நிற்பாட்டினார், நண்டை நிற்பாட்டினார், கத்தரிக்காயையும் நிற்பாட்டினார். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளித்தார். கடி குறையவில்லை. நாடே எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற ஆண்டு அது. "இந்தக் கடிக்காக ஆர் ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று அவரே நாளைக் கடத்தினார். சொந்தக்காரர் சிலர் அவருக்குச் சோம்பல் என்றார்கள். சிலர் கண்ணூறு என்றார்கள்.

2023 இன் தொடக்கத்தில் ஒரு வைத்தியர் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் இருக்கவேண்டிய அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. இன்னொரு பரிசோதனைக்காக இரத்தம் கொழும்புக்குப் போனது. சாச்சியின் உடல் தன் சொந்த இழைமணிகளுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது என்று முடிவு வந்தது. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் பிறபொருளெதிரி இருக்கும்.

நிர்ப்பீடனத் தொகுதி நம்மைக் காக்கும் காவற்படை என்று படிக்கிறோம். அது சில வேளைகளில் வீட்டுக்காரரையே திருடன் என்று எண்ணித் தாக்கும். அப்படி வருவனவே தன்னிர்ப்பீடன நோய்கள். ஈரலைத் தாக்குவதில் முக்கியமானவை மூன்று. முதலாவது, ஈரற் கலங்களையே தாக்கும் தன்னிர்ப்பீடன ஈரலழற்சி. இரண்டாவது, ஈரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய பித்தக்கான்களைத் தாக்குவது. சாச்சிக்கு வந்தது இதுதான். மூன்றாவது, பெரிய பித்தக்கான்களையும் சேர்த்து இறுகச் செய்வது. முதல் இரண்டும் பெரும்பாலும் பெண்களுக்கே வருகின்றன. சாச்சியின் நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை பெண்கள், அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களே அதிகம். தன்னிர்ப்பீடன ஈரலழற்சியோ எந்த வயதிலும் வரலாம், நம் வயதுப் பெண்களுக்கும் வரலாம்.

நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நாங்கள் ஆறுதல் கொண்ட நேரத்தில்தான் அடுத்த தொல்லை வந்தது. கிளினிக் புத்தகத்தில் யாரோ நோயின் பழைய பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பெயரின் கடைசிச் சொல் 'சிரோசிஸ்'. சாச்சாவின் வீட்டார் ஒருவர் அதை வாசித்தார், போனில் தேடினார். சிரோசிஸ் என்றால் ஈரல் தழும்பேறி இறுகிப்போதல், அதற்கு முதற் காரணம் மது என்று அவருக்குப் பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளின் குரலே மாறியது. யாரும் எதையும் நேராகக் கேட்கவில்லை. "சாச்சா இல்லாத வீடு" என்று மட்டும் ஒரு பெரியவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். சாச்சி அந்தப் புத்தகத்தைத் துணிகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினார். நான்கு மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை, மருந்தும் எடுக்கவில்லை. நோய் செய்த கெடுதியைவிட அந்தச் சொல் செய்த கெடுதி பெரிது என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கடி பொறுக்க முடியாமற் போனபோது உம்மா அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். வல்லை வெளியில் பஸ் ஓடும்போது காற்று முகத்தில் அடித்தது. சாச்சி உள்ளங்கைகளை யன்னல் கம்பியில் அழுத்திப் பிடித்தபடி வந்தார், இரும்பின் குளிர் கடிக்கு இதமாம். நிபுணர் புத்தகத்தைப் புரட்டினார். அந்தச் சொல்லைக் கண்டதும் பேனையால் வெட்டினார். "இது உங்களுக்குச் சிரோசிஸ் இல்லை அம்மா. குடியாலும் வந்ததில்லை. இந்தப் பேரையே மாத்திப்போட்டாங்கள்" என்று சொல்லி மேலே புதிய பெயரை எழுதினார். பிரைமரி பிலியரி கொலஞ்சைற்றிஸ். ஈரலுக்குள் உள்ள பித்தக்கான்களில் அழற்சி என்பதே அதன் பொருள். சாச்சி அந்த அறையில் அழுதார். வெளியே வந்தபின் அழவில்லை.

அந்தப் பெயர் மாற்றத்தின் கதையைப் பிறகு தேடி வாசித்தேன். 'சிரோசிஸ்' சேர்ந்த பழைய பெயர் 1950 இல் வழக்குக்கு வந்தது. நோயை முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்க முடிந்த காலம் அது. இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் காலம் வந்தபின், நோயாளிகளில் மிகப் பலருக்குச் சிரோசிஸ் இல்லை என்று தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. "நாங்கள் குடிகாரர் என்று எங்கள் அயலவர்கள் நினைக்கிறார்கள், எங்கள் முதலாளிகளும் நினைக்கிறார்கள்" என்று பல நாடுகளின் நோயாளிகள், பெரும்பாலும் பெண்கள், அமைப்பாகச் சேர்ந்து முறையிட்டார்கள். வைத்தியர் சங்கங்கள் அதை ஏற்றுக்கொண்டு 2015 இல் பெயரை மாற்றின. முதலெழுத்துகள் மாறாதபடி புதிய பெயரைத் தெரிந்தெடுத்தார்கள், அதனால் சுருக்கப் பெயர் இன்றும் பி.பி.சி.தான். நான் அதைச் சொன்னபோது, யுத்த காலத்தில் தமிழோசை கேட்டுப் பழகிய வாப்பா, "லண்டன் பி.பி.சி.யா?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு சாச்சி வாய்விட்டுச் சிரித்தார்.

சாச்சியின் இரத்தத்தில் கண்டுபிடித்த அந்தப் பிறபொருளெதிரியை 1965 இல் லண்டனில் அடையாளம் கண்ட நால்வரில் இருவர் பெண்கள்: டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லொக். ஷெர்லொக், 1959 இல் ஐக்கிய இராச்சியத்தின் முதலாவது பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனவர். தன்னிர்ப்பீடன ஈரலழற்சிக்கு இன்றும் பிரெட்னிசொலோனோடு சேர்த்துக் கொடுக்கும் அசதயோபிரின் என்ற மருந்து, அமெரிக்காவின் கேர்ட்ரூட் எலியன் என்பவரின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. பெண் என்பதற்காக ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்டவர் அவர். கலாநிதிப் பட்டத்தை முடிக்க இயலாமற் போனவர். 1988 இல் நோபல் பரிசு பெற்றார். ஷெர்லொக், எலியன் இருவரும் பிறந்தது 1918 இல். பெண்களை அதிகம் பிடிக்கும் ஒரு நோய்க்குப் பெண்களின் அறிவும் மருந்தாகியிருக்கிறது. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் நம் தோழிகள் இதை அறிந்திருக்கவேண்டும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். சாச்சிக்கு முதலில் கொடுத்தது ஊர்சோடியொக்சிகோலிக் அமிலம். பித்தநீரில் உள்ள அமிலங்கள் கொழுப்பைக் கரைப்பதற்காக உள்ளவை. சவர்க்காரம்போல் வேலை செய்பவை. கான்கள் பழுதடைந்து பித்தம் தேங்கும்போது அந்த அமிலங்கள் ஈரற் கலங்களையே அரிக்கும். ஊர்சோ அவற்றைவிடச் சாதுவான ஒரு பித்த அமிலம். அது பித்தத்தின் ஓட்டத்தைக் கூட்டி, கடுமையான அமிலங்களின் பங்கைக் குறைக்கிறது. 1987 இல் பிரான்சில் இந்த நோய்க்கு அதன் பலனைக் காட்டினார்கள். 1997 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. வாழ்நாள் முழுதும் எடுக்கவேண்டும்.

'ஊர்சுஸ்' என்றால் இலத்தீனில் கரடி. இந்த அமிலத்தை 1927 இல் யப்பானில் கரடியின் பித்தத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இதை நான் வாசித்துச் சொன்னதும் உம்மா திடுக்கிட்டார். ஹராமானதா இவ்வளவு நாளும் விழுங்கியது என்ற பயம். நாங்கள் மருந்தாளரிடம் கேட்டோம். இன்று சந்தைக்கு வரும் மருந்து பெரும்பாலும் மாட்டின் பித்த அமிலத்தை இரசாயன முறையில் மாற்றிச் செய்யப்படுகிறது என்றும், குளிசையாக வருவதில் கூட்டு உறையின் ஜெலற்றின் பிரச்சினையும் இல்லை என்றும் விளக்கினார். எங்கள் மௌலவியிடமும் கேட்டோம். உயிரையும் உடலையும் காப்பது கடமை, வைத்தியர் சொன்ன மருந்தை மனக்குழப்பத்தால் நிறுத்தவேண்டாம் என்றார். றமழானில் ஸஹர் நேரத்திலும் நோன்பு திறந்தபின்னும் பிரித்து எடுக்க வைத்தியரிடம் ஒழுங்கு கேட்டுக்கொண்டோம். இப்படியான சந்தேகங்களை மனதுக்குள் வைத்து மருந்தைக் கைவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டால் பதில் கிடைக்கும்.

ஊர்சோ எல்லோருக்கும் போதுமானதாக இருப்பதில்லை. ஓராண்டு எடுத்தபின் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். நூற்றுக்கு நாற்பது பேர் வரை எதிர்பார்த்த அளவுக்கு முன்னேற்றம் காட்டுவதில்லை. சாச்சியும் அவர்களில் ஒருவர். எண் குறைந்தது, ஆனால் குறையவேண்டிய அளவுக்குக் குறையவில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு இந்த நிலையில் இருந்தவருக்குச் சொல்ல வேறெதுவும் இருந்திருக்காது.

இப்போது இருக்கிறது. ஈரற் கலங்களின் கருவில் 'பிபார்' என்று அழைக்கப்படும் வாங்கிகள் உள்ளன. அவற்றைத் தூண்டினால் கலம் பித்த அமிலத்தைக் குறைவாக உற்பத்தி செய்யும், அழற்சியும் தணியும். இரத்தக் கொழுப்புக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் பைபிரேற் வகை மருந்துகள் இந்த வழியில் வேலை செய்பவை. அவற்றில் ஒன்றான பெசாபைபிரேற்றை ஊர்சோவோடு சேர்த்து 100 நோயாளிகளில் செய்த பிரெஞ்சு ஆய்வு 2018 இல் வெளிவந்தது. இரண்டாண்டு முடிவில், சேர்த்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு ஈரலின் எண்கள் யாவும் இயல்புக்கு வந்தன. ஊர்சோ மட்டும் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அதே வழியில் வேலை செய்யும் இரண்டு புதிய மருந்துகளுக்கு, இந்த நோய்க்காக, 2024 இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. யூன் மாதத்தில் எலாபிபிரனோர், ஓகஸ்ற்றில் செலடெல்பார். எலாபிபிரனோர் ஆய்வில் 161 பேர் பங்குபற்றினார்கள். ஓராண்டில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 51 பேர் முன்னேற்றம் காட்டினார்கள், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 4 பேர். செலடெல்பார் ஆய்வில் 193 பேர். முன்னேற்றம் 62 க்கு எதிராக 20. சாச்சியின் காதில் விழுந்தது இந்த எண்கள் அல்ல. செலடெல்பார் எடுத்தவர்களுக்குக் கடியும் குறைந்தது என்று நான் வாசித்தபோதுதான் அவர் தையலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கடியையும் ஒரு வருத்தமெண்டு எண்ணிப் பாத்திருக்கினமே" என்றார்.

புதியது என்றதும் ஓடிப் போகவும் கூடாது. 2016 இல் அனுமதி பெற்ற ஒபெற்றிகோலிக் அமிலம் என்ற மருந்தை எல்லோரும் பெரிதாக நம்பினார்கள். இரத்தத்தில் எண்களைக் குறைத்தது. ஆனால் நோய் முற்றியவர்கள் சிலருக்கு ஈரலை இன்னும் கெடுத்தது. நீண்ட ஆய்வில் எதிர்பார்த்த பலனையும் காட்டவில்லை. ஐரோப்பிய மருந்து முகவரகம் 2024 இல் அதன் அனுமதியை மீளப்பெறும்படி பரிந்துரைத்தது. 2025 இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தும் அது விலக்கப்பட்டது. எண் குறைவது வேறு, ஆள் நலமாக வாழ்வது வேறு என்பதை இதிலிருந்து படித்தேன். 2024 இல் வந்த இரண்டுக்கும் அந்த நீண்டகாலச் சோதனை இன்னும் இருக்கிறது.

தன்னிர்ப்பீடன ஈரலழற்சியிலும் மாற்றம் வருகிறது. பிரெட்னிசொலோனோடு அசதயோபிரினுக்குப் பதிலாக மைக்கோபீனோலேற் கொடுத்தால் பலன் அதிகம் என்று 2024 இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் மருந்து. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் வைத்தியரோடு விரிவாகப் பேசியே தீர்மானிக்கவேண்டும். ஸ்ரீரொயிட்டால் முகம் ஊதுகிறது, பரு வருகிறது என்று இளம் பெண்கள் தாமாகவே மருந்தை நிறுத்துவது மிகவும் ஆபத்து. நிறுத்தினால் நோய் திரும்பவும் மூண்டுவிடும். ஈரல் முற்றாகக் கைவிட்டால் மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது. நம் நாட்டில் ராகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் அது நடக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த முகமது ரேலா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1997 இல் லண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றியவர். எனினும் நேரத்தோடு கண்டுபிடித்து மருந்தை ஒழுங்காக எடுத்தால், சாச்சியைப் போன்ற பெரும்பாலானோருக்கு அந்த நிலை வராமலே போகலாம்.

புதிய மருந்துகளின் விலையையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் மாதமொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல். வாப்பாவின் கடையில் ஒரு வருடத்து வியாபாரமும் அதற்குக் காணாது. சாச்சா கட்டாரில் இன்னும் இருபது வருடம் நின்றாலும் காணாது. இதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் மௌனமானோம். ஆனால் நிபுணர் சாச்சிக்கு வேறு வழி காட்டினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த, மலிவான, எங்கள் ஊர்ப் பாமசியிலேயே கிடைக்கும் பெனோபைபிரேற் என்ற பழைய கொழுப்பு மருந்தை ஊர்சோவோடு சேர்த்தார். சிறுநீரகத்தையும் ஈரலையும் இடைக்கிடை பரிசோதித்துக்கொண்டே கொடுக்கவேண்டிய மருந்து அது, தானாக வாங்கி விழுங்கக்கூடாது. இரவுக் கடிக்கு, பித்த அமிலத்தைக் குடலில் பிடித்துக்கொள்ளும் கொலெஸ்ரிரமின் தூள் கொடுத்தார். அதுவும் சரிவராவிட்டால் சயரோக மருந்தான ரிபாம்பிசினும் கடிக்குப் பயன்படும் என்றார். எலும்பு தேயாமல் இருக்கக் கல்சியமும் விற்றமின் டியும் எழுதினார். தூரத்து நாட்டின் விலையுயர்ந்த மருந்து இங்கே வர வருடங்கள் ஆகலாம். அது எந்த வழியில் வேலை செய்கிறது என்ற அறிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த அறிவால் ஒரு பழைய குளிசைக்குப் புதிய வேலை கிடைத்திருக்கிறது.

சாச்சி முற்றாகச் சுகமாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இது சுகமாகிற நோயல்ல, கூடவே வாழவேண்டிய நோய். கடைசிப் பரிசோதனையில் அந்த நொதியத்தின் எண் இயல்புக்குக் கிட்ட வந்திருக்கிறது. கடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. களைப்பு இருக்கிறது, களைப்புக்கு இன்னும் சரியான மருந்து இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று சட்டைக்கு மேல் வாங்குவதில்லை. "எனக்கு ஈரல் வருத்தம், அதான் சுணங்கும்" என்று வருகிறவர்களிடம் நேராகவே சொல்கிறார். சாச்சாவின் வீட்டாருக்கு உம்மாவே தொலைபேசி எடுத்து, நோயின் புதிய பெயரையும் பொருளையும் நிதானமாகச் சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மருந்துக்குச் செலவு எவ்வளவு வருது?" என்று கேட்டார்கள். அது போதுமாக இருந்தது.

இதை வாசிக்கும் சகோதரிகளிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் உம்மாவோ மாமியோ பெரியம்மாவோ காரணமில்லாமல் களைத்துக் கிடந்தால், தடிப்பில்லாத கடியால் இரவில் நித்திரையில்லாமல் இருந்தால், கண்ணும் வாயும் வறள்கிறது என்று சொன்னால், இறாலையும் கத்தரிக்காயையும் நிற்பாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். யாருக்காவது ஈரல் வருத்தம் என்று கேள்விப்பட்டால், ஏன் வந்தது என்று ஆராயாமல், மருந்து கிடைக்கிறதா, கிளினிக்குக்குக் கூட யார் போகிறார்கள் என்று விசாரியுங்கள்.